"செலக்ட் ஆயிட்டீங்க" என்று போன் வந்தபின்: வேலை உறுதியை எழுத்தில் வாங்குவது எப்படி?

"நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. லெட்டர் ரெண்டு நாள்ல வந்துடும்."

தனியார் வேலைக்கு அலைந்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் பழக்கம். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அவர் போனை வைத்த பிறகு உள்ளே நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு ஃபைனான்ஸ் ஒப்புதல் தர வேண்டும். மேலே ஒருவர் தலையாட்ட வேண்டும். சில இடங்களில் வாடிக்கையாளர் நிறுவனமே ப்ராஜெக்டை உறுதி செய்திருக்காது. இதில் எந்த இடத்தில் நின்றாலும் உங்களுக்கு வருவது மௌனம்தான். அதற்குள் நீங்கள் இருக்கிற வேலையை விட்டிருந்தால், அல்லது கையில் இருந்த இன்னொரு வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், நஷ்டம் முழுக்க உங்களுடையது.

ஆட்சேர்ப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்தில் கேட்பவரை எந்த எச்.ஆரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காதவரைத்தான் வசதியாக மறந்துபோகிறோம். கீழே உள்ளது சென்னை, கோவை போன்ற ஊர்களில் தனியார் நிறுவனத்தில் சேரப் போகிறவர்களுக்கானது. அரசு வேலைக்கான நியமன ஆணை வேறு வழியில் வரும். அது இங்கே இல்லை.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

சந்தோஷத்தில் "சரி சார், சரி சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, பேசுகிறவர் யார் என்பது. நிறுவனத்தின் எச்.ஆரா, இடையில் இருக்கும் கன்சல்டன்சியா? கன்சல்டன்சிக்காரர் சொல்வது செய்தி மட்டுமே. வேலை தருகிறவர் அவர் இல்லை. ஆள் சேர்ந்தால்தான் அவருக்கு கமிஷன், அதனால் நீங்கள் வேறு பக்கம் போய்விடாமல் இருக்க "கன்ஃபர்ம்தான்" என்று கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: நான் யாருடைய பேரோலில் இருப்பேன்? சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் பெரிய கம்பெனியின் கட்டடத்தில்தான் இன்டர்வியூ நடந்திருக்கும், அவர்களுடைய மேனேஜர்தான் கேள்வி கேட்டிருப்பார். கடிதம் வரும்போது மேலே வேறு பெயர் இருக்கும். ஒப்பந்த முறையில் ஆள் அனுப்பும் நிறுவனம் அது. சம்பளம் அவர்கள் தருவார்கள், பி.எஃப். அவர்கள் பெயரில், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒப்பந்தம் முடியும். அதில் சேரக்கூடாது என்று சொல்லவில்லை. பலர் அப்படித்தான் உள்ளே போகிறார்கள். வீட்டில் எல்லோரிடமும் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டு, கடிதத்தைப் பார்த்துத் திகைப்பதைத் தவிர்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு பதவியின் பெயர், வேலை செய்யும் ஊர், ஆண்டுச் சம்பளம், அதில் நிச்சயமான தொகை எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, சேர வேண்டிய தேதி. கடைசியாக, கடிதம் எந்தத் தேதிக்குள், எந்த மெயிலிலிருந்து வரும் என்று கேளுங்கள். "ரொம்ப சந்தோஷம் மேடம். லெட்டர் வந்ததும் படிச்சுப் பார்த்துட்டு உறுதி பண்ணிடுறேன்" என்று முடித்தால் போதும். ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, ஆர்வம் இல்லை என்றும் ஆகாது.

அன்று மாலைக்குள் நீங்களே ஒரு மெயில் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போனில் பேசியதை நீங்களே எழுதி அனுப்பிவிட்டால், பேச்சு அந்த நிமிடமே எழுத்தாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் மேடம்,

இன்று மதியம் போனில் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். பதவி: அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ். வேலை இடம்: கிண்டி அலுவலகம். ஆண்டுச் சம்பளம்: ரூ. 4,80,000, இதில் ரூ. 48,000 செயல்திறன் தொகை. நிறுவனத்தின் நேரடிப் பணியாளராகச் சேருகிறேன். சேரும் தேதி: அடுத்த மாதம் 10. ஆஃபர் லெட்டர் இந்த வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று சொன்னீர்கள்.

இதில் ஏதாவது தவறாக இருந்தால் தெரிவியுங்கள். தற்போதைய அலுவலகத்தில் ராஜினாமா கொடுப்பதற்கு முன் எனக்குக் கடிதம் தேவைப்படும். வந்ததும் படித்துவிட்டு உடனே பதில் தருகிறேன்."

அவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. இதற்கு மூன்று விதமான பதில் வரும். "ஆமாம், சரி" என்று வந்தால் நல்லது, பத்திரப்படுத்துங்கள். "சம்பளம் 4,80,000 இல்லை, 4,50,000" என்று திருத்தி வந்தால் அதுவும் நல்லதுதான், இப்போதே தெரிந்துவிட்டது. பதிலே வரவில்லை, இரண்டு நாள் கழித்து போன் செய்தாலும் எடுக்கவில்லை என்றால், அதுவும் ஒரு பதில். அடுத்த இன்டர்வியூவை ரத்து செய்யாதீர்கள்.

இந்த மெயிலை உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். இப்போது வேலை பார்க்கும் அலுவலக மெயிலிலிருந்து அனுப்புகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அந்த மெயிலை அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ராஜினாமா செய்த அன்று அது முடக்கப்படவும் செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் பேசினால் செல்லாதா? செல்லும், அதுவும் பதிவுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வடிவில் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆனால் செய்தி தானாக மறையும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ஆதாரம் ஒரு கட்டத்தில் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் வந்ததையும் மெயிலில் ஒருமுறை எழுதி உறுதி கேட்டுவிடுங்கள்.

எந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு

வருவதெல்லாம் ஆஃபர் லெட்டர் இல்லை. கல்லூரி வளாகத் தேர்வில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் லெட்டர் ஆஃப் இன்டென்ட். "உங்களை எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கிறது" என்பதற்கு மேல் அதில் உறுதி அதிகம் இருக்காது. சேரும் தேதி இருக்காது, "வணிகத் தேவைக்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். ஆஃபர் லெட்டர் என்பது சம்பளம், பதவி, தேதி எல்லாம் போட்டு உங்கள் சம்மதத்தைக் கேட்பது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர், நீங்கள் சேர்ந்த பின் விதிமுறைகள் முழுவதும் எழுதித் தரும் நியமனக் கடிதம். சில நிறுவனங்கள் கடைசி இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடும். தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட, சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடிதம் உண்மையானதா?

இதற்குப் பத்து நிமிடம் போதும். கம்பெனிச் சட்டம் 2013-இன் 12-ஆவது பிரிவுப்படி, ஒரு கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். என்ற கம்பெனிப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். சி.ஐ.என்.-இல் எழுத்தும் எண்ணுமாக 21 இடங்கள் இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும், இல்லையென்றால் 'யூ'. நடுவில் மாநிலக் குறியீடு இருக்கும், தமிழ்நாட்டுக்கு டி.என்.; அதையடுத்து நிறுவனம் பதிவான ஆண்டு. "25 வருட அனுபவம்" என்று சொல்லும் கம்பெனியின் எண்ணில் 2024 இருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் கம்பெனி இயங்குகிறதா, பதிவு நீக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். தனி உரிமையாளர் கடைக்கும் கூட்டாண்மை நிறுவனத்துக்கும் சி.ஐ.என். இருக்காது, அங்கே ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும்.

மெயில் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பிரபல கம்பெனியின் பெயரோடு 'கேரியர்ஸ்' என்றோ 'எச்.ஆர்.' என்றோ ஒட்டிய ஜிமெயில் முகவரி என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள பொது எண்ணுக்கு அழைத்து, இப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பணம் கேட்டால் பேச்சே இல்லை. லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் கட்டணம், யூனிஃபார்ம், "திருப்பித் தரப்படும்" என்ற பெயரில் எதுவாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் கொண்டுவரும் கடிதம் தனிக் கதை. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு பெற்ற முகவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ. 30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டு, "இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால் கையில் இருக்கும் கடிதத்துக்கு மதிப்பே இல்லை.

சம்பளப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

கடிதத்தின் கடைசியில் இணைப்பாக ஓர் அட்டவணை வரும். ஏமாற்றம் எல்லாம் பிறப்பது அங்கேதான். நிறுவனம் சொல்வது சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் ஒரு வருடத்தில் செலவு செய்வதாகக் கணக்குக் காட்டும் தொகை. வங்கியில் விழுவது அது இல்லை.

மேலே மெயிலில் போட்ட 4,80,000-ஐயே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. அப்பா அம்மாவிடம் நாம் சொல்வதும் இதைத்தான். அடிப்படைச் சம்பளம் பாதி, 20,000 என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 2,400, அது சி.டி.சி.க்குள்ளேயே இருக்கிறது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 962 ரூபாய், அதுவும் உள்ளே. மருத்துவக் காப்பீடு ஒரு 500. செயல்திறன் தொகை வருடத்துக்கு 48,000, மாதக் கணக்கில் 4,000. அது வருட முடிவில், கம்பெனிக்குத் திருப்தி இருந்தால். இதையெல்லாம் கழித்தால் மாதம் 32,138. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400 போகும். தொழில் வரி மாதத்துக்குச் சுமார் 200. கையில் வருவது ஏறக்குறைய 29,500.

நாற்பதுக்கும் இருபத்தொன்பதரைக்கும் நடுவே இருக்கும் பத்தாயிரத்தை யாரும் திருடவில்லை, பி.எஃப். உங்கள் கணக்கில்தான் சேருகிறது. ஆனால் வேளச்சேரியில் வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எச்.ஆரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "மாசம் கையில எவ்வளவு வரும் மேடம்?" பதிலை மெயிலில் வாங்குங்கள்.

இரண்டு நுணுக்கங்கள். சில நிறுவனங்கள் பி.எஃப்.பை 15,000 ரூபாய் என்ற சட்ட வரம்புக்கு மட்டும் கட்டும். அப்போது மாதம் 1,800தான் போகும், கையில் கொஞ்சம் கூடுதலாக வரும். அடுத்தது, மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவீர்கள். உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டும், குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. பிடித்தம் என்று முகம் சுளிக்க வேண்டாம், அந்தச் சம்பளத்தில் அது நல்ல விஷயம்.

அடிப்படைச் சம்பளத்தை ரொம்பக் குறைத்துப் போட்டு, மீதியை அந்தப் படி இந்தப் படி என்று நிரப்பும் வழக்கம் நீண்ட நாளாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதில் கை வைத்திருக்கின்றன: படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் 'ஊதியம்' என்றே கணக்கில் சேரும். அட்டவணையில் அடிப்படைச் சம்பளம் 30 சதவீதம் என்று பார்த்தால், பி.எஃப்.பும் பணிக்கொடையும் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகின்றன என்று கேட்கலாம்.

கண்ணில் படாத வரிகள்

எல்லாப் பக்கத்தையும் படிக்கச் சொன்னால் யாரும் படிப்பதில்லை. அதனால் இவற்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

நோட்டீஸ் பீரியட். ஐ.டி.யில் 90 நாள் சர்வ சாதாரணம். இரு பக்கத்துக்கும் ஒரே கால அளவா என்று பாருங்கள். நீங்கள் விலக 90 நாள், அவர்கள் அனுப்ப 15 நாள் என்று எழுதிய கடிதங்கள் உண்டு. தகுதிகாண் காலத்தில் எவ்வளவு, அது முடிந்த பிறகு எவ்வளவு, பணம் கட்டிவிட்டு முன்னதாக விலகலாமா என்பதும் அதே இடத்தில் இருக்கும்.

பாண்ட். "இரண்டு வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம்" போன்ற வரி. "பாண்ட் எல்லாம் கோர்ட்ல நிக்காதுப்பா" என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். அப்படி முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் ரூ. 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே சமயம், எழுதிய தொகை எதுவானாலும் அப்படியே வசூலித்துவிடலாம் என்றும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. ஆகவே தொகை என்ன, எந்தப் பயிற்சிக்காக, மாதம் ஆக ஆகக் குறையுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற வரி வேறு வகை. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு பொதுவாக அதற்கு இடம் தருவதில்லை.

அசல் சான்றிதழ். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலையும் டிகிரியையும் வாங்கி வைத்துக்கொள்வது சில தனியார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சின்ன நிறுவனங்களிலும் இன்னும் நடக்கிறது. காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள். வேறு வழியே இல்லாமல் கொடுத்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் பெற்றோம் என்று முத்திரையோடு எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வேலை செய்யும் ஊர். "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதை எடுக்க மாட்டார்கள். ஆனால் தொடக்கத்தில் எந்த ஊர் என்பது தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஆஃபர் எந்தத் தேதி வரை செல்லும், பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்), பின்னணிச் சரிபார்ப்பு என்று என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு மாதம் இங்கே அங்கே நீட்டியிருந்தால் பி.எஃப். பதிவிலேயே மாட்டிக்கொள்ளும். முன்பே சொல்லிவிடுவது நல்லது.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"

இன்டர்வியூவில் மேனேஜர் சொல்லியிருப்பார்: ஆறு மாதத்தில் சம்பளம் உயர்த்துவோம், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், நைட் ஷிஃப்ட் இருக்காது. கடிதத்தில் அது எதுவும் இருக்காது. கேட்டால் "அதெல்லாம் லெட்டர்ல போட மாட்டோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வரும்.

பாதி உண்மை அது. கடிதம் டெம்ப்ளேட், எச்.ஆரால் சட்டென்று மாற்ற முடியாது. அதற்காக விட்டுவிட வேண்டாம். "லெட்டர்ல வேண்டாம் சார், மேனேஜர் சொன்னதை ஒரு மெயில்ல உறுதி பண்ணிட்டா போதும்" என்று கேளுங்கள். பலர் தருவார்கள். மெயிலில்கூடத் தர மாட்டோம் என்றால், அந்த வாக்குறுதி இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அந்த மேனேஜரே மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். அவர் சொன்னது அவரோடு போகும்.

தொகையோ தேதியோ பதவியோ தவறாக வந்திருந்தால் மட்டும் திருத்திய கடிதமே கேளுங்கள். "சிஸ்டத்துல சரி பண்ணிட்டோம்" என்பது போதாது.

ஏற்றுக்கொள்ளும் முறை

படித்தாயிற்று, சம்மதம் என்றால் இழுத்தடிக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டப்படி நீங்கள் ஏற்பை அனுப்பும்வரை அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் தேதி. ஸ்கேன் செய்து, அதே மெயிலுக்குப் பதிலாக "இந்தத் தேதியிட்ட கடிதத்தை ஏற்றுக்கொள்கிறேன், இந்தத் தேதியில் சேருகிறேன்" என்று ஒரு வரி எழுதி இணைத்து அனுப்புங்கள். இணையதளத்தில் பொத்தானை அழுத்தி ஏற்கச் சொல்லும் நிறுவனமானால், அழுத்துவதற்கு முன் பி.டி.எஃப்.பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றபின் சில தளங்களில் அந்தப் பக்கமே திறக்காது.

ராஜினாமா அதற்கு அப்புறம்தான்

வரிசை இதுதான்: கடிதம் வந்தது, படித்தாயிற்று, ஏற்று அனுப்பியாயிற்று, "பெற்றுக்கொண்டோம்" என்று பதிலும் வந்தது. அதற்குப் பிறகு ராஜினாமா. "நீங்க பேப்பர் போட்டுட்டு அந்த மெயிலைக் காட்டுங்க, அப்புறம் ஆஃபர் ரிலீஸ் பண்றோம்" என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அது தலைகீழ். பணிவாக மறுத்துவிடுங்கள்: "லெட்டர் வந்த அன்னைக்கே பேப்பர் போட்டு உங்களுக்கும் காப்பி அனுப்புறேன்." இதற்கு ஒத்துக்கொள்ளாத இடம் உங்களை எப்படியும் அந்தரத்தில்தான் விடும்.

சேரும் தேதியை, உங்கள் நோட்டீஸ் காலம் முடிந்து சில நாள் தள்ளி வையுங்கள். பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர் கையில் கொடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

ஏற்ற பிறகும் சேரும் தேதி தள்ளிப்போகலாம். ஒருமுறை தள்ளினால் புதிய தேதியை மெயிலில் வாங்குங்கள். இரண்டாவது முறையும் தள்ளினால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள், அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆஃபரையே ரத்து செய்தால் அதையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கோர்ட்டுக்குப் போய் வேலையைத் திரும்ப வாங்குவது நடைமுறையில் கடினம். ஆனால் ஏற்பு மெயில், ராஜினாமா, ரத்துக் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் நஷ்ட ஈடு பேசவும், பழைய நிறுவனத்தில் ராஜினாமாவைத் திரும்பப் பெறக் கேட்கவும், அடுத்த இன்டர்வியூவில் நடுவே ஏன் இடைவெளி என்று விளக்கவும் அவை உதவும்.

கடை, பட்டறை, சின்ன ஆபீஸ்

தி.நகர் ஜவுளிக்கடை, அம்பத்தூர் பட்டறை, நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸ். இங்கே "லெட்டரா? நாளைக்கு வந்து சேர்ந்துக்கோ தம்பி" என்பதுதான் நடைமுறை. புதிய சட்டத் தொகுப்பில், பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. ஆனால் முதல் நாளே முதலாளியிடம் சட்டப் பிரிவைச் சொன்னால் வேலை நடக்காது.

வேறு மாதிரி கேளுங்கள். "அண்ணா, பேங்க்ல அக்கவுன்ட் திறக்க ஒரு லெட்டர் கேக்கறாங்க, பேரு, சம்பளம், சேர்ந்த தேதி போட்டு லெட்டர்பேட்ல குடுத்தீங்கன்னா போதும்." வீடு வாடகைக்கும் இதே கடிதம் உதவும், அதனால் இதில் பொய்யும் இல்லை. அதுவும் கிடைக்கவில்லையா? அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "வணக்கம் அண்ணா, திங்கட்கிழமையிலிருந்து வரேன். மாசம் 18,000, ஞாயிறு லீவு, காலை 9:30-லிருந்து ராத்திரி 8 மணின்னு சொன்னீங்க. சரிதானே?" அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாலும் உங்களிடம் பதிவு இருக்கிறது. சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கி வழியாகக் கேளுங்கள். மாதா மாதம் விழும் அந்த வரி, நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு நல்ல சாட்சி.

சேர்ந்த பிறகு

முதல் நாள் நிறைய படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். ஆஃபர் லெட்டரில் இல்லாத பாண்டு அந்தக் கட்டுக்குள் இருக்கக்கூடும். "எல்லாரும் போடுறதுதான்" என்று அவசரப்படுத்தினாலும், "ஒரு நிமிஷம் படிச்சுக்கறேன் சார்" என்று சொல்லிப் படியுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம் வந்ததும் ஆஃபர் லெட்டரோடு பக்கத்தில் வைத்துச் சம்பளம், பதவி, நோட்டீஸ் மூன்றையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அந்த வாரமே மெயில் போடுங்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் "அப்போ ஏன் சொல்லல?" என்பார்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள், பி.எஃப். தொகை உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மத்திய அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

கடிதம், மெயில்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் சொந்த மெயிலிலோ டிரைவிலோ ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவையும் போய்விடும்.